எல்எஸ் தரும் வரிசை

டெர்மினலில் 'எல்எஸ்' என்று தட்டினால் கோப்புகள் அகரவரிசையில் வந்து நிற்கும். யாருடைய அகரவரிசை என்பதில்தான் ரசமே இருக்கிறது.

லினக்ஸில் 'எல்சி ஆல்' என்ற மாறிக்கு 'சி' என்று மதிப்புக் கொடுத்தால் கணினி மொழியை மறந்துவிடும். பைட் எண்களை மட்டும் பார்க்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 65 முதல் 90 வரை, சிறியவை 97 முதல் 122 வரை. அதனால் பெரிய எழுத்தில் தொடங்கும் ரீட்மீ, மேக்ஃபைல் போன்ற கோப்புகள் பண்ணையார்கள் போல முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்க ஆங்கில அமைப்புக்கு மாற்றினால் அந்த மரியாதை போய்விடும். பெரியது சிறியது பாராமல் எல்லாம் கலந்து நிற்கும்.

தமிழில் பெயர் வைத்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 'சி' அமைப்பு தரும் வரிசை: அன்பு, அறம், அலை, அளவு, அழகு, அவல். யூனிகோடு ன-வை ந-வுக்குப் பக்கத்திலும், ற-வை ர-வுக்குப் பக்கத்திலும் குடிவைத்ததன் விளைவு. மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றுங்கள்: அலை, அவல், அழகு, அளவு, அறம், அன்பு. திண்ணைப் பள்ளியில் ஒப்பித்த அதே ய ர ல வ ழ ள ற ன!

கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஒன்றும் நகரவில்லை. ஆனாலும் இரண்டாம் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு அகராதியைப் புரட்டிய சுகம்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் 'சி'யைத்தான் விரும்புவார்கள். எந்த ஊர்க் கணினியிலும் அது ஒரே வரிசையைத் தரும். என் கணினியில் தமிழ்தான்.