தொண்ணூற்றாறு நாள் ஆராதனையும் அதன் விலையும்

வழிபாடு நடக்கும்போது அதிகாரிகள் ஆலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது நெதர்லாந்துச் சட்டம். நாடுகடத்தப்பட இருந்த ஓர் ஆர்மேனியக் குடும்பத்தைக் காக்க, ஹேக் நகரின் பெத்தேல் ஆலயம் இந்த விதியைப் பற்றிக்கொண்டது. 2018 அக்டோபர் 26 அன்று தொடங்கிய ஆராதனை, இரவு பகல் பாராமல் 2019 ஜனவரி 30 வரை நிற்கவே இல்லை. பல சபைகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான போதகர்கள் முறைபோட்டு நடத்தினார்கள். வெளிநாட்டிலிருந்தும் சிலர் வந்தார்கள்.

உலகம் பாராட்டியது, பாராட்டுக்குரியதுதான். ஆனால் திருச்சபைகள் இதையே முன்மாதிரியாகக் கொள்ளலாமா?

ஐந்தாண்டுக்கு மேல் நெதர்லாந்தில் வளர்ந்த அகதிப் பிள்ளைகளுக்கு வசிப்புரிமை தரும் சலுகை 2013 முதலே இருந்தது. ஆனால் நாடு திரும்ப ஒத்துழைத்ததாகக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையால் பெரும்பாலான மனுக்கள் தள்ளுபடியாயின. இங்கேயே இருக்க மனுப்போடுபவர், கிளம்ப முயன்றதற்கு ஆதாரம் தர வேண்டுமாம்! ஆளும் கூட்டணியில் இரண்டு கிறிஸ்தவக் கட்சிகள் இருந்தும் இந்த நிலை. அவற்றுள் பெரியதான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி ஜனவரியில்தான் மனம் மாறியது. அந்த மாற்றத்தில் பெத்தேலுக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சுமார் 700 பிள்ளைகளின் மனுக்களை மறுபடி பரிசீலிக்க அரசு இசைந்தது.

இந்த இசைவுக்காகக் கூட்டணிக் கட்சிகளுக்குள் நடந்த பேரத்தின் மறுபக்கம் பாராட்டுரைகளில் அதிகம் வருவதில்லை. அந்தச் சலுகைத் திட்டம் அத்தோடு மூடப்பட்டது. விதிவிலக்காக அனுமதி தர அமைச்சருக்கு இருந்த அதிகாரமும் போயிற்று. ஐ.நா. பரிந்துரையில் ஆண்டுதோறும் ஏற்கும் அகதிகளின் எண்ணிக்கை 750-லிருந்து 500-ஆகக் குறைந்தது. இந்தப் பேரத்தில் சபை கையெழுத்திடவில்லை. பழியை அதன்மேல் போடுவது அநியாயம். ஆனாலும், கண்ணுக்குத் தெரிந்த பிள்ளைகளுக்காக எழுந்த அழுத்தத்தின் விலையை, எங்கோ முகாமில் இருந்த முகம் தெரியாதவர்கள் கொடுத்தார்கள்.

இத்தாலியச் சபைகளின் வழி வேறு. 2015 டிசம்பரில் சான்ட் எஜிதியோ என்ற கத்தோலிக்கச் சமூகமும், புராட்டஸ்டண்ட் சபைகளின் கூட்டமைப்பும், வால்டென்சியன் சபையும் அரசோடு ஒப்பந்தம் போட்டன. அகதிகளை லெபனானிலேயே நேர்கண்டு, மனிதாபிமான விசாவில் விமானத்தில் அழைத்துவந்து, வீடும் மொழிப் பயிற்சியும் தருவது சபைகளின் பொறுப்பு. அரசுக்குத் தனிச் செலவில்லை. குடிமக்கள் தம் வருமான வரியில் ஆயிரத்துக்கு எட்டுப் பங்கைச் சபைக்கு ஒதுக்கும் ஏற்பாட்டிலிருந்து வால்டென்சியன்கள் பணம் தந்தார்கள். கடலில் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

குறை இல்லாமலில்லை. முதல் ஒப்பந்தம் 1,000 பேருக்குத்தான். லெபனானில் அப்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிரிய அகதிகள் இருந்தார்கள். யாரை ஏற்றுவது என்ற கொடுமையான தேர்வும் சபையின் தலையில் விழுகிறது. அரசு தன் கடமையைத் தட்டிக்கழிக்கவும் இது வசதி. பெத்தேலைப் போல ஓர் அமைச்சரவையை இது அசைக்கவும் இல்லை.

இருந்தும், காணிக்கையையும் ஆள்பலத்தையும் எங்கே முதலில் செலவிடுவது என்று ஒரு சபை கேட்டால், இத்தாலிய வழியைத்தான் சொல்வேன். வந்தவர் கையில் விசா இருக்கிறது. அவருக்காக வேறொருவரின் இடம் பறிபோகவில்லை. வழக்கும் மனுவும் தோற்று, வாசலில் போலீஸ் நிற்கும் நாளுக்கு மட்டும் பெத்தேல் போதும்.