துயரத்தின் மூன்று குரல்கள்

போலந்து நாட்டு இசையமைப்பாளர் ஹென்ரிக் குரெட்ஸ்கி 1976-இல் இயற்றிய மூன்றாம் சிம்பொனி ‘துயரப் பாடல்களின் சிம்பொனி’ என்று பெயர் பெற்றது. 1977-இல் பிரான்சு நாட்டு ருவாயான் நகரில் அரங்கேறியபோது விமர்சகர் பலர் முகம் சுளித்தனர். சிக்கலே புதுமை என எண்ணப்பட்ட காலத்தில், எளிய சுரங்களும் மெதுநடையும் பின்வாங்கலாகத் தோன்றின. ஆயினும், டான் அப்ஷா பாட, டேவிட் ஜின்மன் நெறியாள்கையில் 1992-இல் வெளிவந்த ஒலிப்பதிவு பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. இத்தனை பேர் இதில் எதைக் கேட்டனர்?

மூன்று பகுதிகளும் தாய்க்கும் பிள்ளைக்கும் நேரும் பிரிவைப் பாடுகின்றன. முதலாவதில், 15-ஆம் நூற்றாண்டு மடாலயப் பாடலொன்றில் மரியன்னை இறக்கும் தம் மகனிடம் பேசுகிறார். இரண்டாவது, சாக்கோப்பானேயில் நாசிக் காவல்துறையின் சிறைச்சுவரில் 1944-இல் 18 வயதுப் பெண்ணொருத்தி எழுதிவைத்த மன்றாட்டு. மூன்றாவது, கிளர்ச்சியில் மாண்ட மகனைத் தேடும் தாயின் நாட்டுப்பாடல்.

முதற்பகுதியின் அமைப்பு நம் கவனத்திற்குரியது. மிகத் தாழ்ந்த நரம்புக் கருவிகள் ஒரு மெட்டைத் தொடங்குகின்றன. அது முடிந்ததும் அடுத்த குரல் அதே மெட்டைச் சற்று உயரத்தில் எடுக்கிறது. இவ்வாறு எட்டுக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் எழுந்த பின்னரே அன்னையின் குரல் ஒலிக்கிறது. பின்னர் எழுந்த வரிசை படிப்படியாக இறங்கி அடங்குகிறது. ஒருவர் தொடங்கிய அழுகையை ஊரே ஏற்றுக்கொள்வதைப்போல் இதனை உணர்கிறோம்.

இதன் வெற்றிக்குப்பின் பார்ட், டேவனர் ஆகியோரையும் சேர்த்துப் ‘புனித எளிமை’ எனும் பெயரில் ஒரு சந்தையே உருவாயிற்று. திரைப்படங்களும் இவ்விசையை நாடின. பின்வந்தோர் பலர் மெதுநடையை எடுத்துக்கொண்டனர். அதனைத் தாங்கும் கட்டுமானத்தை விட்டுவிட்டனர். குறை முழுவதும் அவர்களுடையது என்று கூறிவிடவும் முடியவில்லை. மூன்றாம் பகுதியில் இரண்டு சுரக்கோவைகள் ஓயாமல் மாறிமாறி வருவது, தாலாட்டின் மயக்கத்திற்கு இடந்தருகிறது.

எனினும் நடுவில் நிற்கும் சிறைப்பெண்ணை மறத்தலாகாது. அவள் யாரையும் சபிக்கவில்லை. தன் தாயைத் தேற்றுகிறாள். அவளுடைய சொற்களைக் கேட்டபின் இவ்விசையை வெறும் ஆறுதலாக நுகர இயலாது. இறுதியில் ஒலிக்கும் மேஜர் சுரக்கோவை, மகன் கிடைத்துவிட்டான் என்று கூறவில்லை. தேடிக் களைத்த தாயோடு அது சற்றுநேரம் அமர்ந்திருக்கிறது. நாமும் அவ்வாறு அமர்ந்து கேட்பதே இப்படைப்புக்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.