வேட்டியில் ஒட்டும் நாற்காலி

வெள்ளை வேட்டி கட்டும் வழக்கம் உள்ளவர்கள் இந்த நாற்காலிப் பக்கமே போக வேண்டாம். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

பொருள் இதுதான்: பழைய தோல் கிளப் சேர். தாழ்வான இருக்கை, உருண்டு தடித்த கைகள், ஆள் உட்கார்ந்தால் தலை மட்டும் வெளியே தெரியும் ஆழம். உள்ளே தேக்குச் சட்டம், சணல் நாடா, கம்பிச் சுருள்கள், தேங்காய் நார், குதிரை முடி. வெளியே பழுப்புத் தோல், ஓரம் நெடுகப் பித்தளைக் குமிழ் ஆணி. எந்தப் பழைய சாமான் கடைக்காரரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற விவரங்கள்தான். சுதந்திரத்துக்கு முந்தையது, ஜோலார்பேட்டையில் ஒரு ரயில்வே அதிகாரியின் பங்களாவில் கிடந்தது என்றார் விற்றவர். அந்த மாதிரிக் கடைகளில் எந்த நாற்காலியும் சாதாரண வீட்டிலிருந்து வருவதில்லை. அதனால் அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வாரம் இதோடு குடித்தனம் நடத்திய பிறகு, அந்தக் கதை உண்மையாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. காரணம் தூள்.

உட்கார்ந்து எழுந்தால் செங்காவி நிறத்தில் ஒரு மெல்லிய தூள் துணியில் ஏறிவிடுகிறது. வேட்டியின் பின்புறம், சட்டையின் முழங்கை, செய்தித்தாளின் ஓரம், பெருக்கி முடித்த தரை என்று அது போகாத இடமில்லை. தட்டினால் பாதி போகும். மீதி துணிக்குள் இறங்கிக் குடியேறிவிடும். "வீட்டுக்குள்ள செங்கல் சூளை வெச்சிருக்கியா?" என்று அம்மா கேட்காத நாள் இல்லை.

தோல் பொருட்களைப் பாதுகாக்கிறவர்கள் இதை 'ரெட் ராட்' என்கிறார்கள். இது மேலே படிந்த அழுக்கு இல்லை. தோலே உதிர்கிறது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், காற்றில் உள்ள கந்தக டை ஆக்சைடை மெல்ல மெல்ல இழுத்து வைத்துக்கொள்ளும். அது தோலுக்குள்ளேயே கந்தக அமிலமாக மாறும். அமிலம் தோலின் நார்களை அறுத்துக்கொண்டே போகும். கடைசியில் மேல்பரப்பு விட்டுப்போய், அடியில் இருப்பது பொடியாகிறது. கந்தகம் எங்கிருந்து வந்திருக்கும்? நிலக்கரிப் புகையிலிருந்து. நீராவி எஞ்சின்கள் இரவு பகலாகப் புகைவிட்ட ஒரு ஜங்ஷனின் ரயில்வே பங்களாவைவிட இதற்குத் தோதான இடம் வேறு எது?

இதில் நம் பங்கும் உண்டு. உட்காரும் மெத்தையின் அடியில், தையல் பிரிந்த இடத்தில், தோலின் வெட்டு விளிம்பைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. அப்படியானால் அநேகமாகப் பட்டையில் பதனிட்டது. அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் பட்டை என்றால் முதலில் ஆவாரம் பட்டைதான். ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றில் முடித்து, எண்ணெய் பூசிய தோல் 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்ற பெயரில் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. இன்றைக்கு அதற்குப் புவிசார் குறியீடு உண்டு. நமக்குப் பெருமைதான். ஆனால் லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் புத்தகக் கட்டுத் தோல்களை ஆராய ஒரு குழு அமைத்தது. 1905இல் புத்தகமாக வந்த அதன் அறிக்கையில் மிக மோசமான மதிப்பெண் வாங்கியது இந்த ஆவாரம் பட்டைத் தோல்தான். சுமாக் இலையில் பதனிட்டவை நன்றாகத் தாக்குப்பிடித்தன. நம்முடையவை சீக்கிரமே உதிர்ந்தன. அதற்கும் முன்பே, 1840களில், லண்டன் ஏதீனியம் கிளப்பின் நூலகத்தில் கேஸ் விளக்குகள் தோல் அட்டைகளை என்ன செய்கின்றன என்று பார்த்தவர் மைக்கேல் ஃபாரடே. விளக்குப் புகையை வெளியேற்ற ஒரு ஏற்பாடே கண்டுபிடித்தார். ஆக இந்த நோய்க்கு வயது கொஞ்சநஞ்சமில்லை. தெரியாதது போல நடிப்பவர்கள் பழைய சாமான் விற்பவர்கள் மட்டும்தான்.

அவர்கள் செய்வது என்ன? ஷூ பாலிஷ். அடர்த்தியான பழுப்பு பாலிஷை நாற்காலி முழுக்க அப்பி, துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார்கள். கடையில் இருக்கும்வரை தூள் அடங்கிக் கிடக்கும். வீட்டுக்கு வந்து நாலு பேர் உட்கார்ந்ததும் மெழுகு தேய்ந்து உண்மை வெளியே வரும். கேட்டால் "பழசுன்னா அப்படித்தான் சார், அதுதான் அழகு" என்பார்கள். எனக்கு இந்தப் பதில் அடியோடு பிடிக்காது. கீறல், வெயிலில் வெளுத்த திட்டு, கை பட்டுப் பட்டுக் கறுத்த விளிம்பு, இவை அழகு. தோல் தூளாகி உதிர்வது நோய். இரண்டையும் ஒரே பெயரில் விற்பது ஏமாற்று.

எனவே வாங்கப் போகிறவர்கள் பாலிஷ் எட்டாத இடத்தைப் பாருங்கள். மெத்தையைத் தூக்கி, கைக்கும் இருக்கைக்கும் இடையே உள்ள பள்ளத்தில் வெள்ளைக் கைக்குட்டையை விட்டு அழுத்தித் தேயுங்கள். முதுகுப் பக்கத்தின் கீழ் விளிம்பிலும் தேயுங்கள். கைக்குட்டை சிவந்தால் கிளம்பிவிடுங்கள், அல்லது பாதி விலைக்குக் கேளுங்கள். ஓரத்துப் பைப்பிங்கை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். முதலில் உயிரை விடுவது அதுதான். ஆணி வரிசையைச் சுற்றி நீலக் கறுப்புக் கறை இருந்தால், உள்ளே இரும்பு ஆணி துருப்பிடித்துத் தோலின் துவர்ப்போடு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சின ஊர் நம்முடையது, அந்தக் கறுப்பு தெரியாதவர் இல்லை. அந்த இடத்தில் தோல் கிழியக் காத்திருக்கும். முகர்ந்தும் பாருங்கள். சிக்கெண்ணெய் வாடை வந்தால், யாரோ அன்போடு தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார்கள்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளைத் தொகுத்தால் தனிப் புத்தகமே போடலாம். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி, வாழைப்பழத் தோல் வரைக்கும் சொன்னார்கள். இந்த நோய்க்கு எண்ணெய் மருந்தில்லை. அறுந்துபோன நாரை எண்ணெய் ஒட்டவைக்காது. தூளைக் கொஞ்ச நாள் ஈரமாக வைத்திருக்கும், பிறகு சிக்குப் பிடிக்கும், ஐப்பசி மழையில் பூஞ்சைக்கு விருந்தாகும். ஈரத்துணி அதைவிட ஆபத்து. நோய் பிடித்த தோலில் தண்ணீர் பட்டால் அந்த இடம் கறுத்து இறுகிவிடும், திரும்பாது. வீட்டில் வேலை செய்கிற அக்கா ஒருநாள் நல்லெண்ணத்தில் நாற்காலியின் வலது கையை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். அந்தக் கறுப்புத் திட்டு அப்படியே இருக்கிறது.

உண்மையிலேயே வேலை செய்தது புத்தகங்களைப் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் ஒரு பொடி. ஹைட்ராக்ஸிபுரோபில் செல்லுலோஸ் என்று வாயில் நுழையாத பெயர். 'க்ளூசெல் ஜி' என்ற பெயரில் தெரியும். நூறு மில்லி ஐசோபுரோபில் ஆல்கஹாலுக்கு இரண்டு கிராம் போட்டு, கட்டி கரைய ஓர் இரவு விட்டு, மறுநாள் தூரிகையால் தடவ வேண்டும். தண்ணீரில் கரைத்தால் மேலே சொன்ன கதைதான், ஆல்கஹாலில்தான் கரைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் இருக்கக் கூடாது. நாற்காலியின் முதுகிலும் பக்கங்களிலும் தூள் நின்றே விட்டது. தோலின் நிறம் சற்றே ஆழமானது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உட்காரும் இடத்திலும் கைகளின் மேற்புறத்திலும் சில நாள்தான் தாங்கியது. இந்தப் பொடி தூளை ஒட்டிவைக்குமே தவிர, தோலுக்கு இழந்த பலத்தைத் திருப்பித் தராது. அலமாரியில் நிற்கும் புத்தகத்துக்குச் சரி. எழுபது கிலோ ஆள் ஏறி இறங்கும் இடத்துக்குப் போதாது.

இவ்வளவு திட்டிவிட்டு இதை ஏன் இன்னும் வீட்டில் வைத்திருக்கிறேன்? உட்கார்ந்து பார்த்தால் தெரியும். மேலே பிளாஸ்டிக் பூச்சு இல்லாத தோல் என்பதால் சித்திரை வெயிலிலும் முதுகு ஒட்டுவதில்லை. வியர்வையை அதுவே வாங்கி, அதுவே விட்டுவிடுகிறது. குதிரை முடி, ஃபோம் மாதிரி சூட்டைப் பிடித்து வைப்பதில்லை. ஸ்ப்ரிங்குகளைக் கையால் கட்டிய யாரோ ஒருவர் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டியிருக்கிறார். அதனால் இவ்வளவு தாழ்வாக இருந்தும் எழுந்திருக்கும்போது முழங்கால் முனகுவதில்லை. நாலு மணி நேரம் கிரிக்கெட் பார்த்துவிட்டு இடுப்பு வலி இல்லாமல் எழுந்த நாற்காலி என் வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

இதற்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தது ஷோரூமில் வாங்கிய ஒரு சோபா. 'பழைய தோல் தோற்றம்' என்று போட்டு, நாற்காலியைவிட அதிக விலை வாங்கினார்கள். கடை எதுவென்று சொல்லப் போவதில்லை, எல்லாக் கடையிலும் அது இருக்கிறது. தோல் கழிவை அரைத்து, பசை சேர்த்துத் துணியில் ஒட்டி, மேலே பாலியூரித்தேன் படலம் போட்ட சரக்கு. சுருக்கமும் வெளுப்பும் தொழிற்சாலையிலேயே அச்சடித்து வருகின்றன. நம் ஈரப்பதத்தில் அந்தப் படலம் தட்டுத்தட்டாக உரிந்தது. கிளப் சேர் தூளாவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. இந்தச் சோபா ஒரு காப்பீட்டு பாலிசி முதிர்வதற்குள் உரிந்தது. இதற்கு ரெக்ஸினே தேவலை, குறைந்தபட்சம் தன்னைத் தோல் என்று சொல்லிக்கொள்வதில்லை.

பழைய தோல் வேண்டும், தூள் வேண்டாம் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. குரோமியம் உப்பில் பதனிட்ட தோலுக்கு இந்த நோய் வராது. அந்த முறைக்கு 1884இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். சோபாத் தோலில் அது முழுதாகக் கோலோச்சியது பிறகுதான். ஆகவே 1960, 70களின் தோல் சாமான்களைத் தேடுங்கள். வெட்டு விளிம்பு நடுவில் வெளிர் நீலமாகவோ சாம்பலாகவோ இருந்தால் குரோம். அவற்றுக்கு ஃபோம் இடிந்திருக்கும், அதை மாற்றுவது சில ஆயிரங்களில் முடிகிற வேலை. தோற்றத்தில் கிளப் சேரின் கம்பீரம் இருக்காதுதான். வேட்டி பிழைக்கும்.

என் நாற்காலிக்கு வருவோம். குஷன் வேலை செய்கிற பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றி வந்தார், மெத்தையைத் தூக்கினார், விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு விரலை என் பக்கம் நீட்டினார்.

"முழுசா உரிச்சுட்டு ரெக்ஸின் போட்டுறலாம் சார். பாதிக் காசுல முடிஞ்சிரும்."

"ரெக்ஸின் வேணாம் பாய்."

"அப்போ முழுசும் தோலா? இந்த சைஸுக்கு நூறு சதுர அடி தாண்டும். பெரியமேட்டுல வாங்கினாலும் கட்டாது. நம்ம மாட்டுத் தோல் சின்னது, நாலு அஞ்சு தோல் வேணும். ஒண்ணோட ஒண்ணு கலர் சேராது."

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். முதுகும் பக்கங்களும் ஆணிகளும் பழையபடியே இருக்கும். உடம்பு படுகிற மெத்தைக்கும் கைகளின் மேற்புறத்துக்கும் மட்டும் ஆம்பூர் குரோம் தோல், பூச்சு இல்லாதது. ஆவாரம் பட்டைத் தோல்மேல் எனக்குப் பற்று உண்டு. செருப்புக்கும் பைக்கும் அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. நாள் முழுக்க உட்காரும் இடத்துக்கு வேண்டாம். நிறம் சேராது என்று பாய் மறுபடி எச்சரித்தார். சேராமல் இருக்கட்டும், எது பழசு எது புதுசு என்று பார்த்ததும் தெரிவதுதான் நியாயம் என்றேன். அவருக்கு அது வேலை தெரியாதவன் பேச்சாகப் பட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டே அளவெடுத்தார். முன்பணம் வாங்கிக்கொண்டு மூணு வாரம் என்று சொல்லியிருக்கிறார். அதாவது பொங்கலுக்குப் பிறகு.