காலாவதியானது என்னும் வினை

மருந்துக்கும் மசோதாவுக்கும் தமிழில் ஒரே சொல் புழங்குகிறது: காலாவதி. மகளிர் இடஒதுக்கீட்டின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் தமிழ் ஆசிரியையான நான் இந்தச் சொல்லில் இடறுகிறேன். 'தோற்கடிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால் 'யாரால்?' என்று கேட்கலாம். 'காலாவதியானது' என்ற வினையிடம் அதைக் கேட்க முடியாது. மசோதா தானாகவே செத்துப்போனதாக அது சொல்கிறது.

மக்களவையின் நடைமுறையும் இந்த இலக்கணத்துக்கு இசைவாகவே இருக்கிறது. மாநிலங்களவை கலைவதில்லை. மக்களவை ஐந்தாண்டு முடிந்ததும், சில வேளை அதற்கு முன்பும், கலைகிறது. அப்போது அங்கே நிலுவையில் இருக்கும் மசோதாக்கள் செத்துவிடுகின்றன. மாநிலங்களவை நிறைவேற்றி அனுப்பியவையும் தப்புவதில்லை. அரசின் மசோதாக்களில் எது எப்போது விவாதத்துக்கு வரும் என்பது பெரும்பாலும் அரசின் கையில். ஆகவே ஒரு மசோதாவை விரும்பாதவர்கள் அதை எதிர்த்து வாக்களிக்க வேண்டியதில்லை. அது வாக்கெடுப்புக்கு வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

1996 செப்டம்பரில் தேவகவுடா அரசு மசோதாவைக் கொண்டுவந்தது. கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக்குழு அதே டிசம்பரில் அறிக்கை தந்தது. 1997 முடிவில் அவை கலைந்தது. 1998 ஜூலையில் சட்ட அமைச்சர் தம்பிதுரை அதை அறிமுகப்படுத்த முயன்றபோது படிகள் பறிக்கப்பட்டுக் கிழிக்கப்பட்டன. பின்னர் அறிமுகமானாலும் 1999இல் அவை கலைந்தது. அடுத்த அவையில் மீண்டும் வந்தது. 2004இல் அந்த அவையும் கலைந்தது. 2008இல், கலையாத மாநிலங்களவையில் மசோதா அறிமுகமாகி, 2010 மார்ச் 9 அன்று அங்கே நிறைவேறியது. பிறகு மக்களவையில் நான்கு ஆண்டுகள் கிடந்தது. அப்போது மக்களவைத் தலைவராக இருந்தவர் மீரா குமார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 2014இல் அந்த அவையும் கலைந்தது.

பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள்ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. நியாயமானது என்பதாலேயே அது ஒரு திருத்தமாக விவாதிக்கப்பட்டு வாக்கெடுப்புக்கு வந்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் அது விவாதத்தையே தடுக்கும் காரணமாக்கப்பட்டது.

ஆக, பதினெட்டு ஆண்டுகளில் மக்களவை ஒருமுறைகூட இந்த மசோதாவை நிறைவேற்றலாமா வேண்டாமா என்று வாக்களிக்கவில்லை. 'வேண்டாம்' என்று சொன்னதாக ஒருவர் பெயரும் வாக்குப் பதிவில் இல்லை. 2023 செப்டம்பர் 20 அன்று கடைசியாக வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவு 454, எதிர்ப்பு 2. அத்தனை பேரும் ஆதரவு என்றால் இத்தனை காலம் தடுத்தவர்கள் எங்கே போனார்கள்?

இம்முறை தாமதம் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டது. சட்டம் வந்த பின் நடக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதையொட்டிய தொகுதி மறுவரையறை, இவை இரண்டும் முடிந்த பிறகே ஒதுக்கீடு என்று 2023இல் நிறைவேறிய சட்டம் சொன்னது. 2024 தேர்தல் அது இல்லாமலே நடந்தது. 543 இடங்களில் 74 பெண்கள் வென்றனர். 2019இல் வென்றவர்கள் 78.

மாணவிகளே, 'காலாவதியானது' என்று இனி எங்காவது வாசித்தால் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். அந்த ஆண்டுகளில் ஆட்சி யாரிடம் இருந்தது, அவையின் நேரம் எதற்குப் போனது, கட்சித் தலைமைகள் எப்போதெல்லாம் பேசாமல் இருந்தன என்று தேடுங்கள். அந்த வினையைச் செய்தவர்களை அங்கே கண்டுபிடிக்கலாம்.