வலது கை

நம் சங்கீத விமர்சனம் இடது கையைப் பற்றியது. வயலின்காரரின் கமகத்தையும் பிருகாவையும் பாராட்ட நம்மிடம் வார்த்தைகள் நிறைய உண்டு. ஆனால் இடது கை தீர்மானிப்பது ஸ்வரத்தையும் அதன் அசைவையும் மட்டுமே. அது என்ன நாதமாக நம்மை எட்டுகிறது என்பது வலது கையின், வில்லின் காரியம். அதற்கு நாம் வைத்திருப்பது 'சுநாதம்' என்ற ஒற்றை வார்த்தை.

இந்த மௌனத்தின் பூர்வீகம் எங்கள் பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே இருக்கிறது. வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி பாலுஸ்வாமி தீக்ஷிதர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் இருந்தவர். அவருடைய ஸ்வீகார புத்திரர் சுப்பராம தீக்ஷிதர் 1904-ல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்கள் உண்டு, வில்லுக்கு ஒன்றுமில்லை. பாட்டுக்கும் வீணைக்குமான நூல் அது. அதைக் குறை சொல்வதற்கில்லை. பின்னால் வந்த விமர்சகர்களும் அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்கள் என்பதுதான் என் புகார்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வில் என்றால் வில்லுப்பாட்டுதான். வீசுகோல் பட்டதும் நாண் அதிர்ந்து அடங்குகிறது. வீணைத் தந்தியும் மீட்டியபின் தானாகத் தேய்கிறது. வயலின் வில்லோ தந்தியை விடுவதில்லை. ரோசின் தடவிய குதிரைமயிர் தந்தியைப் பற்றி இழுக்கிறது, தந்தி நழுவுகிறது, மறுபடி பற்றுகிறது. ஒரு விநாடியில் சில நூறு தடவை இது நடக்கிறது. ஒலி முடியும்வரை அதற்கு வாசிப்பவனே பொறுப்பு.

சி. வி. ராமன் 1918-ல் கல்கத்தாவில் இதைப் பற்றி விரிவான ஆய்வு வெளியிட்டார். அதற்கு முந்திய பத்து வருஷம் பகலில் அரசாங்கக் கணக்கிலாகா உத்தியோகம், மற்ற நேரத்தில் தந்தி ஆராய்ச்சி. பாங்கில் பேரேடு எழுதும் எனக்கு இதில் ஓர் அல்ப சந்தோஷம். வில்லின் வேகம், அழுத்தம், தந்தியைத் தாங்கும் குதிரையிலிருந்து அதன் தூரம்: விஷயம் இந்த மூன்றில் இருக்கிறது. குதிரையை நெருங்கினால் ஒலி கூர்மையாகும், அழுத்தமும் கூட வேண்டும்; விலகினால் மிருதுவாகும். வேகமில்லாமல் அழுத்தினால் கரகரப்பு. அழுத்தமில்லாமல் ஓட்டினால் ஒலி மேலோடு போய்விடும்.

நம் சங்கீதத்தில் இன்னொன்றும் சேர்கிறது: சாஹித்யம். வில் திரும்புகிற இடம் வல்லெழுத்துப் போல விழுகிறது. திரும்பாத நீளம் நெடிலாகிறது. அக்ஷரத்தின் நடுவே திரும்பினால் ஸ்வரம் சுத்தமாக இருந்தும் சொல் உடைகிறது. துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் (1893–1964) நீண்ட வில்லைக் கேட்டால், மூச்சு வாங்காத ஒரு குரலின் நிதானம் தெரியும். அதை 'இனிமை' என்று சொல்லி நகர்வது விமர்சனம் ஆகாது.

கவிதை விமர்சனத்திலும் நாம் இடது கைக்காரர்கள்தான். கருத்து, படிமம், உத்தி என்று எண்ணுகிறோம். சொல்லை எவ்வளவு அழுத்தி, எங்கே திருப்பி, எதுவரை விடாமல் பிடித்திருக்கிறான் என்று கேட்பதில்லை. பொய்க் குரல் அகப்படுவது அங்கேதான்.