பதிவேட்டில் நெசவாளி

1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஏறத்தாழ 1,60,000 பேர் கைதிகளாக ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

கொடிய சட்டத்துக்குப் பலியான அப்பாவிகள் என்றார் ஜி. ஏ. வுட், 1922இல். இது நிற்காது. தொழிற்சங்கம் சேர்ந்ததற்காக 1834இல் தண்டிக்கப்பட்ட டால்படில் கிராமத்து உழவுத் தொழிலாளர்கள் ஆறே பேர். கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் திருட்டு வழக்கில் வந்தவர்கள்.

மானிங் கிளார்க்கின் வாதம் வலுவானது. நகரத்தில் திருட்டையே பிழைப்பாகக் கொண்ட ஒரு கூட்டம் என்றார் அவர். இருபதில் ஒருவர் என்ற கணக்கில் பதிவுகளை எடுத்து ஆராய்ந்த லாயிட் ராப்சன், பாதிக்கு மேற்பட்டோர் முன்பே தண்டனை பெற்றவர்கள் என்று காட்டினார். எண்ணை மறுக்க முடியாது. அதிலிருந்து எடுத்த முடிவை மறுக்கலாம். இரண்டு முறை பிடிபட்டவனுக்குத் திருட்டே தொழில் என்று எப்படிச் சொல்வது? ‘குற்றவாளி வர்க்கம்’ என்பதே அக்காலத்து அதிகாரிகளும் ஒழுக்கவாதிகளும் ஏழைகளுக்கு வைத்த பெயர். கிளார்க் அதை ஆராயாமல் வாங்கிக்கொண்டார்.

1988இல் ஸ்டீபன் நிக்கலஸ் குழு, நியூ சவுத் வேல்ஸில் இறங்கிய சுமார் 20,000 பேரின் பதிவுகளை அலசியது. முக்கால்வாசிப் பேருக்கு வாசிக்கவாவது தெரிந்திருந்தது. அவர்களுடைய தொழில்கள் இங்கிலாந்தின் உழைக்கும் மக்களுடையதைப் போலவே இருந்தன. கைதியே சொன்ன தொழிலை நம்பலாமா என்று கேட்டவர்கள் உண்டு. தச்சன் என்று பொய் சொன்னவன் உளியைக் கையில் கொடுத்த அன்றே அகப்பட்டிருப்பான். 1996இல் டெபோரா ஆக்ஸ்லி பெண் கைதிகள் பாலியல் தொழிலாளிகள் என்ற பழியையும் இப்படித்தான் துடைத்தார். பாலியல் தொழிலுக்காக யாரையும் நாடுகடத்தவில்லை. வந்தவர்களில் பலர் வீட்டு வேலைக்காரிகள்.

ஆகவே என் தீர்ப்பு நிக்கலஸ் பக்கம். ஆனால் ஒரு குறையை மறைக்க மாட்டேன். ‘திறன் பெற்ற உழைப்பாளர்’ என்று அவர் தொகுக்கும்போது பசி கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. விசைத்தறி வந்தபின் கைத்தறி நெசவாளியின் கூலி எவ்வளவு சரிந்தது! அட்டவணையில் அவன் கைத்தொழில் கற்றவன், வீட்டில் அடுப்பெரியாதவன். இரண்டும் ஒரே ஆள்தான். கைதிப் பதிவேட்டில் வயது, ஊர், தொழில், குற்றம், உயரம், உடலின் தழும்பு வரை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கடைசியாகக் கூலி வாங்கியது எப்போது என்பதற்குக் கட்டம் இல்லை.