நடுவில் நின்ற துபாஷி

ராஜாங்க உத்தியோகஸ்தர்கள் எழுதுகிற நினைவுக் குறிப்புகளில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. பதவி போன பிறகு எல்லோருமே தீர்க்கதரிசிகளாகிவிடுகிறார்கள். ஆனால் அமெரிக்கரான வில்லியம் எட்டி 1954இல் வெளியிட்ட 'எப்.டி.ஆர். இபின் சவூதைச் சந்திக்கிறார்' என்ற சின்னஞ்சிறு புத்தகத்தைப் படித்து முடித்தபோது, இது ஏன் இவ்வளவு சின்னதாக நின்றுவிட்டது என்றுதான் வருத்தப்பட்டேன்.

எட்டி 1896இல், இன்று லெபனானில் உள்ள ஸைடோன் நகரில், பாதிரிமார் குடும்பத்தில் பிறந்தவர். அரபி அவருக்குக் குழந்தைப் பருவத்துப் பாஷை. பிரின்ஸ்டனில் கலிவரின் யாத்திரைக் கதையை ஆராய்ந்து பட்டம் பெற்றார். கெய்ரோவில் ஆங்கிலம் போதித்தார். 1944இல் ஜித்தாவில் அமெரிக்க ஸ்தானீகரானார்.

1945 பிப்ரவரி 14 அன்று, சூயஸ் கால்வாயின் பெரிய கசப்பு ஏரியில் நின்ற போர்க்கப்பலில் ரூஸ்வெல்ட்டும் சவூதி மன்னரும் சந்தித்தபோது, எட்டிதான் துபாஷி. மன்னர் கப்பல் தளத்தில் கூடாரமடித்துத் தங்கி, ஆடுகளோடு பிரயாணம் செய்து வந்த கதையை ரசமாகச் சொல்கிறார். மன்னர் முன் புகைபிடிக்கக் கூசிய ரூஸ்வெல்ட், சாப்பாட்டுக்குப் போகிற வழியில் லிப்டை நடுவில் நிறுத்தி இரண்டு சிகரெட் பிடித்தாராம். இப்படி ஒரு விவரம் நாவலாசிரியனுக்குக் கிடைத்தால் அவன் விடமாட்டான்.

அன்று ரூஸ்வெல்ட் ஒரு வாக்குக் கொடுத்தார்: பாலஸ்தீனத்தில் அராபியருக்கு விரோதமாகத் தாம் எதுவும் செய்வதில்லை என்று. ஏப்ரல் 5இல் அதைக் கடிதத்திலும் உறுதி செய்தார். 12ஆம் தேதி காலமானார். அடுத்து வந்தவர் வேறு வழியில் போனார். வாக்கைத் தம் வாயாலேயே அரபியில் சொன்ன எட்டி, 1947இல் ராஜினாமா செய்தார்.

இந்தக் கட்டம்தான் புத்தகத்தின் உயிர். குறையும் இங்கேதான். வாஷிங்டன் ஓட்டுகளை எண்ணிப் பார்த்ததை உறுத்தும்படி சொல்கிறவர், மன்னரின் சபைக்கு வந்ததும் பக்தராகிவிடுகிறார். கலிவரைக் கற்றவருக்கு இது அழகல்ல. எந்த அரசவையையும் ஒரே கண்ணால் பார் என்பதல்லவா அந்தப் பாடம்? ராஜினாமாவுக்குப் பின் அவர் அராம்கோ எண்ணெய்க் கம்பெனியின் ஆலோசகர் என்பதையும் வாசகன் மறந்துவிட முடியாது.

ஆனாலும், பிறர் கொடுத்த வாக்குக்காகத் தன் உத்தியோகத்தை விட்ட துபாஷிகள் எத்தனை பேர்? எட்டி 1962இல் காலமானார். அடக்கம் செய்தது அமெரிக்காவில் அல்ல, பிறந்த ஸைடோனில். அந்த மனிதரின் மனசுக்குள் நடந்ததையும் அவரே எழுதியிருந்தால், அது வெறும் சரித்திரக் குறிப்பாக நின்றிராது, இலக்கியமாகியிருக்கும்.